எங்கள் பிள்ளையின் மருந்துப் பெட்டி

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஹேவாஹெட்டயிலிருந்து வந்த பழைய மாணவி ஒருவர் குடும்பத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இந்தப் பேச்சு முழுக்க "நாங்கள்" என்றுதான் வரும். மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் சொல்லப்போகும் கதையில் ஒருவர் தனியாகச் செய்த காரியம் எதுவும் இல்லை. மகனுடைய அப்பா மூன்றாவது வரிசையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் அப்பாயி. அப்பாயியின் கைப்பையில் அந்தப் பெட்டி. அது இல்லாமல் நாங்கள் வீட்டுப் படி இறங்குவதில்லை.

செயலாளர் அக்கா எங்களுக்குத் தந்த தலைப்பு "பிள்ளை வளர்ப்பு". பிள்ளையைச் சாப்பிட வைப்பது, கையிலிருந்து போனைப் பிடுங்குவது எல்லாம் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது ஒரு பிள்ளை, ஒரு வருத்தம். அதையே சொல்கிறோம். அனுதாபம் வேண்டாம். கேட்டதை வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொன்னால் போதும்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல இரண்டு சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அட்ரினல் என்பார்கள். காய்ச்சல் வந்தாலும், எலும்பு முறிந்தாலும், உடம்பு தாங்கிக்கொள்வதற்கு கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அவை சுரக்கின்றன. உடம்பில் உப்பைப் பிடித்து வைப்பதற்கு அல்டோஸ்ட்ரோன் என்ற இன்னொன்றையும் சுரக்கின்றன. எங்கள் மகனுக்கு இவற்றைச் செய்வதற்கு வேண்டிய ஒரு நொதியம் பிறவியிலேயே இல்லை. வைத்தியர்கள் இதைச் சுருக்கமாக சீ.ஏ.எச். என்கிறார்கள். உலகில் ஏறக்குறைய 15,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது.

அவன் 2019இல் பிறந்தான். வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறோம். பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. குதிக்காலில் இரத்தம் எடுத்தார்கள். அது தைரொயிட் குறைபாட்டைக் கண்டுபிடிப்பதற்கான சோதனை, அதில் எல்லாம் சரி என்றே வந்தது. இரண்டாவது கிழமையில் பால் கக்கத் தொடங்கினான். அழுகை குறைந்தது. "சமத்துப் பிள்ளை, அழவே மாட்டான்" என்று பார்க்க வந்தவர்கள் புகழ்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்த குடும்ப சுகாதார உத்தியோகத்தர், எங்கள் பக்கத்தில் மிட்வைஃப் அம்மா என்போம், தராசில் போட்டுப் பார்த்தார். பிறந்த நிறையைவிடக் குறைவு. வளர்ச்சிப் பதிவேட்டில் அந்தப் புள்ளியை வைத்துவிட்டு அவர் சொன்னது ஒரே வசனம்: "இண்டைக்கே கொண்டு போங்க, நாளைக்கு வேணாம்." முதலில் போன இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து தந்து அனுப்பினார்கள். அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்த அம்மா விடவில்லை. தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. இரத்தத்தில் சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம். அந்த இரண்டு எண்களையும் பார்த்த இளம் வைத்தியர் ஒருவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சேலைனும், குளுக்கோசும், ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியும் ஏறின. மறுநாள் காலை தம்பி தொண்டை கிழிய அழுதான். அந்த அழுகையைப் போல இனிய சத்தம் ஒன்றை நாங்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்த உப்பைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் லோசன் வில்கின்ஸ் என்ற வைத்தியர் 1940இல் எழுதி வைத்தது. மூன்றரை வயதுப் பையன். வீட்டில் உப்பை அள்ளி அள்ளித் தின்பான். முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் உப்பு என்பதும் ஒன்று. வேறொரு காரணத்துக்காக வார்ட்டில் சேர்த்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சாதாரணச் சாப்பாட்டைக் கொடுத்தார்கள். ஏழு நாளில் பிள்ளை இறந்துவிட்டது. அதன் அட்ரினல் சுரப்பி உப்பைப் பிடித்து வைக்கவில்லை என்பதும், அதுவரை அந்தப் பிள்ளை தனக்குத் தானே வைத்தியம் பார்த்து உயிரோடு இருந்தது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. வீட்டில் தாய் தகப்பனுக்குத் தெரிந்திருந்த உப்பு விஷயம் வைத்தியர்களின் மனதில் உரிய நேரத்தில் பதியவில்லை. நாங்கள் கிளினிக்கில் எதையும் சின்ன விஷயம் என்று விடாமல் சொல்வதற்கு இந்தக் கதை ஒரு காரணம். பத்து வருடம் கழித்து, 1950இல், அதே வில்கின்ஸ்தான் இந்த நோய்க்கு கோர்ட்டிசோன் கொடுத்துக் குணம் காட்டினார். அந்த வருடமே கோர்ட்டிசோனைப் பற்றிய ஆராய்ச்சிக்காக கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் அம்மாயி காலத்தில் பிறந்திருந்தால் தம்பிக்கு ஒரு மாதம்கூட ஆயுள் இல்லை. அந்தக் காலத்தில் லயத்தில் பால் கக்கி, வாடி, காரணம் தெரியாமல் போன பச்சைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதுவே இருந்ததோ என்று சில இரவுகளில் நினைப்போம்.

இனி எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறோம். காலை ஆறு மணி, பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி. மூன்று வேளை ஹைட்ரோகோர்ட்டிசோன். கடையில் இருப்பது 10 மில்லிகிராம் குளிசை. குழந்தைக்கு வேண்டியது அதில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவு. குளிசை வெட்டும் சிறிய பெட்டியில் வைத்து வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று தூளாகவும் போகும். ஐரோப்பாவில் 2018 முதல் அரை மில்லிகிராம் அளவில்கூடக் குழந்தைகளுக்கென்றே செய்த துகள்கள் வந்துவிட்டன. எங்களுக்கு இன்னும் வெட்டும் பெட்டிதான். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மேசை விளக்கின் கீழே நகைக்கடை ஆசாரியைப் போல உட்கார்ந்து ஒரு கிழமைக்குரியதை வெட்டி வைப்பார். அதோடு உப்பைப் பிடித்து வைக்கும் ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன். கைக்குழந்தையாக இருந்தபோது வைத்தியர் அளந்து தந்தபடி உப்புக் கரைசலும் பாலோடு கொடுத்தோம். "பச்சைப் பிள்ளைக்கு உப்பா!" என்று அப்பாயி நெஞ்சில் கை வைத்தார். இன்றைக்கு மருந்து நேரத்தை எங்களைவிடச் சரியாகப் பார்ப்பவர் அவர்தான்.

அளவு குறைந்தால் ஒரு கஷ்டம், கூடினால் இன்னொரு கஷ்டம். கூடினால் பிள்ளை குண்டாகி, உயரம் வளராமல் நின்றுவிடும். குறைந்தால் ஆண் ஹோர்மோன் ஏறி, பிள்ளை சின்ன வயதில் மளமளவென்று உயர்ந்து, எலும்பு சீக்கிரம் முற்றி, பெரியவனாகும்போது குள்ளமாக நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் உயரம், நிறை, இரத்தம். இடைக்கிடை இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். முதல் பஸ்ஸில் போனால்தான் பின்னேரம் வீடு திரும்பலாம்.

மருந்தைவிட எங்களுக்குக் கஷ்டம் தந்தது ஒரு சொல். ஸ்டீரொயிட். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு பயம். பார்மசியில் மருந்து எடுத்துத் தருகிறவர், "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். உறவுக்காரர் வேரும் கஷாயமும் கொண்டு வந்தார்கள். கோயிலில் நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம், அதில் எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் குளிசையை நிறுத்தச் சொன்ன யாருடைய பேச்சையும் வீட்டு வாசலுக்குள் விடவில்லை. இழுப்புக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கும் ஸ்டீரொயிட், உடம்பு தானே சுரப்பதற்கு மேலதிகமாகக் கொடுப்பது. தம்பிக்குக் கொடுப்பது அவன் உடம்பில் இருந்திருக்க வேண்டியது. நம் எல்லோருக்கும் உள்ளே ஊறுவது அவனுக்கு வெளியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

எங்கள் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட லூல்கந்துர எங்களுக்குக் கிட்டத்தான். இலங்கைத் தேயிலையின் கதை தொடங்கிய மலை என்று வெள்ளைக்காரர்கள் படம் எடுக்க வருவார்கள். கொழுந்து இறங்குவதற்கு வளைந்து வளைந்து போட்ட பாதைதான் இன்றைக்கும் எங்களுக்கு வைத்தியசாலைப் பாதை. மழை பிடித்தால் மண் சரியும், பனி இறங்கினால் முன்னால் போகும் லொறியின் விளக்கும் தெரியாது. சாதாரணப் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்றால் விடியும் வரை பார்க்கலாம். தம்பிக்கு அப்படிப் பார்க்க முடியாது. காய்ச்சல் வந்தால் நம் சுரப்பிகள் தாமாகவே கோர்ட்டிசோலைக் கூட்டும். அவனுக்கு நாங்கள் கூட்ட வேண்டும். 38 பாகைக்கு மேலே போனால் குளிசை இரண்டு மடங்கு, 39க்கு மேலே மூன்று மடங்கு என்பது எங்கள் வைத்தியர் எழுதித் தந்த கணக்கு. மருந்து கொடுத்து அரை மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டால் ஊசி.

அந்த ஊசிதான் பெட்டியில் இருக்கிறது. 100 மில்லிகிராம் தூள், கரைப்பதற்கு நீர், சிரிஞ்ச். மூன்று வயது வரை 25 மில்லிகிராம், பாடசாலை வயதில் 50, பெரியவர்களுக்கு 100. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். நாங்கள் இருவரும் வார்ட்டில் தாதியிடம் கற்று, வீட்டில் தோடம்பழத்தில் குத்திக் குத்திப் பழகினோம். வைத்தியர் எங்கள் மனதில் அடித்துச் சொன்னது ஒன்று உண்டு. தேவையில்லாமல் ஒருமுறை போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. தேவையானபோது போடாமல் விட்டால் பிள்ளை இருக்காது. ஆகவே சந்தேகம் வந்தால் போடு.

நாலு வயதில் ஓர் இரவு அது வந்தது. ஒன்றரை மணி, வெளியே மழை. இரண்டு தரம் வாந்தி, மூன்றாவது தரம் கண் செருகியது. ஒருவர் காலைப் பிடிக்க மற்றவர் ஊசியைப் போட்டோம். சீனித் தண்ணீர் நாக்கில் தடவினோம். 1990க்கு அடித்தோம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, பிறகு நாடு முழுவதற்கும் வந்த இலவச அம்புலன்ஸ் அது. எங்கள் வளைவுகளில் ஏறி வருவதற்குள் நேரம் ஆகும் என்று பக்கத்து வீட்டுச் சிங்களத் தம்பி தன் ஆட்டோவை எடுத்துவிட்டார். நடுவழியில் அம்புலன்ஸ் எதிரே வந்து ஏற்றிக்கொண்டது. போகிற வழியில் ஓர் இடத்தில், "டொக்டர் வரும் வரைக்கும் ஸ்டீரொயிட் போட ஏலாது" என்றார்கள். நாங்கள் போட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று சொன்னதும் அங்கே எழுந்த முகச்சுளிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. பேராதனையில் விடியும்போது தம்பி எழுந்து உட்கார்ந்து கேட்டது கருவாடு. வார்ட்டில் கருவாட்டுக்கு எங்கே போவது!

அதற்குப் பிறகு ஓர் அட்டை செய்தோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். "இந்தப் பிள்ளைக்கு அட்ரினல் குறைபாடு. வாந்தி, மயக்கம், விபத்து, சத்திரசிகிச்சை எது வந்தாலும் உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போடவும். தாமதிக்க வேண்டாம்." கீழே வைத்தியரின் கையொப்பம், அளவு, எங்கள் தொலைபேசி எண்கள். நடு இரவில் பதற்றத்தில் எங்களுக்கு இருக்கும் கொஞ்ச நஞ்சச் சிங்களமும் மறந்துபோகும். அட்டை மறக்காது. மலைநாட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மாருக்கு இது விளங்கும்.

2022ஐ உங்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, மருந்து இல்லை. எங்களுக்குக் கிடைத்த ஃப்ளூட்ரோகோர்ட்டிசோன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய வகை. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் மண்பானைத் தண்ணீரில் போத்தலை நிறுத்தி வைத்தோம். பிறகு போத்தலும் முடிந்தது. கண்டியில் பார்மசி பார்மசியாக ஏறி இறங்கியும் இல்லை. அப்போது எங்கள் வகுப்பு வாட்சப் குழுவில் ஒரு வரி போட்டோம். சென்னையில் இருக்கும் ஒருத்தி மருந்துச் சீட்டின் படத்தைக் கேட்டாள். லண்டனில் தாதியாக இருக்கும் அக்கா அளவைச் சரிபார்த்தார். பன்னிரண்டு நாளில் நூறு குளிசை ஒரு பயணியின் கைப்பையில் வந்து சேர்ந்தது. அவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை, ஆகவே சொல்லவில்லை. இரண்டு பேரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

இனிமேல் சொல்வது கொஞ்சம் வீட்டுக்குள் பேசும் விஷயம். நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். நோயின் பெயர் தெரிந்த மறு கிழமையே "யார் பக்கத்திலிருந்து வந்தது?" என்ற கேள்வி வந்துவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் தாயைப் பார்த்துத்தான் கேட்டார்கள். விடை சுலபமானது. இரண்டு பக்கத்திலிருந்தும் சமமாக வருகிறது. தகப்பனிடம் ஒரு பழுதான மரபணு, தாயிடம் ஒன்று. ஒவ்வொன்று மட்டும் இருப்பதால் அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. இரண்டும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. உறவுக்குள் கட்டினால் இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் சாத்தியம் கூடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் 104,066 பச்சிளங் குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய 5,760 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. சென்னையில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு. எங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். உறவில் கட்டாதே என்று யாருக்கும் உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. கட்டியவர்கள் வீட்டில் இரண்டாவது கிழமைக் குழந்தை பால் கக்கி வாடினால், காரணமில்லாமல் முன்பே ஒரு குழந்தை போயிருந்தால், அதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

இது பெண்கள் கல்லூரி. ஆகவே இதையும் சொல்லாமல் போக முடியாது. ஆண் குழந்தைக்கு இந்த நோய் வெளியே தெரியாது. அதனால்தான் தம்பி அந்த நிலைக்குப் போனான். பெண் குழந்தைக்குப் பிறக்கும்போதே தெரியலாம். தாயின் வயிற்றிலேயே ஆண் ஹோர்மோன் கூடுவதால் வெளி உறுப்பு வேறு மாதிரி இருக்கலாம். ஆணா பெண்ணா என்று பிரசவ அறையிலேயே தடுமாறுவார்கள். வெட்கத்தில் துணியால் மூடி, யாருக்கும் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோன குடும்பங்கள் உண்டு. கிளினிக் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து எங்களிடமே அழுத தாய்மார் உண்டு. அவர்களுடைய கதையை நாங்கள் சொல்லப் போவதில்லை. உள்ளே கருப்பையும் சூலகமும் சரியாகவே இருக்கின்றன என்பதையும், மருந்து ஒழுங்காக எடுத்தால் அவர்கள் படிக்கலாம், வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம் என்பதையும் மட்டும் சொல்கிறோம். சத்திரசிகிச்சை எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே இன்று பல கருத்து உண்டு, அதில் அவசரப்பட வேண்டியதில்லை. மருந்தில்தான் அவசரம். மூடி மறைத்த ஒவ்வொரு நாளும் உப்பு இறங்கிக்கொண்டே இருக்கும்.

மறைப்பது ஏழை வீட்டு வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்யாத அடிசன் நோய் இருந்தது. 1960 தேர்தலில் அவருடைய ஆட்கள் அதை மறுத்தார்கள். அவரைச் சுற்றி எந்நேரமும் வைத்தியர்கள் இருந்தார்கள், மறைத்தாலும் சமாளிக்கலாம். தம்பியைச் சுற்றி இருப்பது நாங்களும், முன்பள்ளி டீச்சரும், ஆட்டோக்காரரும், பக்கத்து வீட்டாரும். அவர்களுக்குத் தெரியாவிட்டால் அவனுக்கு யாரும் இல்லை. "நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தடையாகும்" என்று எங்களுக்கும் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முதலில் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமே.

ஆகவே எல்லோரிடமும் சொன்னோம். முன்பள்ளியில் சொன்னபோது முதலில் பயந்தார்கள், "எங்களால் பொறுப்பு எடுக்க ஏலாது" என்றார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. ஊசி நீங்கள் போட வேண்டாம், வாந்தி எடுத்தாலோ சோர்ந்து படுத்தாலோ பத்து நிமிடத்துக்குள் எங்களுக்கும் 1990க்கும் அழையுங்கள், அட்டையைக் கையில் கொடுங்கள், அது போதும் என்றோம். மூன்றாம் மாதம் அந்த டீச்சர் தானாகவே வந்து, ஊசியும் கற்றுத் தாருங்கள் என்றார். இப்போது தம்பி முதலாம் வகுப்பு. ஓடுகிறான், விழுகிறான், வகுப்பில் உயரத்தில் நடுவில் நிற்கிறான். விளையாட்டுக்கோ பரீட்சைப் பயத்துக்கோ மருந்தைக் கூட்ட வேண்டியதில்லை. மேடைப் பயத்துக்கும் வேண்டியதில்லை என்று வைத்தியர் சொன்னார், அது எங்களுக்குத்தான் வேண்டியிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சங்கத்தில் ஆசிரியைகள் பலர், தாதிமார் பலர், தோட்டப்புறத்தில் வேலை செய்யும் மிட்வைஃப் தங்கைமாரும் இருக்கிறீர்கள். அந்த மும்மொழி அட்டையின் வெற்றுப் பிரதிகளை வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். பெயர், அளவு எழுதும் இடம் காலியாக இருக்கிறது, அதை அந்தப் பிள்ளையின் வைத்தியர்தான் நிரப்ப வேண்டும். உங்கள் பாடசாலையில், உங்கள் வார்ட்டில், பிள்ளைக் காம்பராவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் எடுக்கலாம், உங்கள் ஊர் மொழியை நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. அப்பாயி கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் பேசுவோம்.